'எம்' எழுத்துக்குத் தடா!

ஒரே ஒரு எழுத்தை வெறுத்திருக்கீங்களா? அமெரிக்காவில் ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டி பசங்க வெறுப்பாங்க. மிச்சிகனோட ஃபுட்பால் மேட்ச் வர்ற வாரம், கேம்பஸ் போர்டுகளில் 'எம்' மேல எல்லாம் சிவப்பு எக்ஸ்! 1897-ல் ஆரம்பிச்ச மோதல் இது. உதைக்கிற ஃபுட்பால் இல்லை பாஸ், முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடிச்சுக்கிட்டு முட்டி மோதுறது.

நான் மிச்சிகன். பெரியப்பா பையன் ஒஹாயோ. 2023 நவம்பர்ல அண்ணனும் அக்காவும் மூணு மணி நேரம் கார் ஓட்டி என் ரூமுக்கு வந்தாங்க. வந்ததுமே மில்க் கேன், மசாலா பாக்கெட்னு 'எம்' இருந்த இடமெல்லாம் சிவப்பு டேப். ராத்திரி பூரா உப்புமா, அரட்டை.

ஒரு விஷயம் மட்டும் பேசலை. திருச்சி வீட்டைப் பாகம் பிரிச்சதிலிருந்து எங்க அப்பாக்கள் பேசிக்கிறதில்லை. அக்காதான் பெட் வெச்சா: "தோத்தவன், ஜெயிச்சவனோட அப்பாவுக்கு போன் போடணும்!"

1 லட்சம் பேருக்கு மேல உட்கார்ற ஸ்டேடியம். கடைசி நிமிஷத்துல ஒஹாயோ வீசின பந்தை எங்க ஆள் பறிச்சார். 30-24! அண்ணன் முகத்தில் ஈயாடலை. மேட்ச்சுக்காக இல்லை, போனுக்காக.

ராத்திரி 9 மணி. ஊரில் ஞாயிறு காலை 7.30.

"சித்தப்பா... நான்தான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் அப்பா கேட்டார்: "உங்கப்பனுக்கு சுகர் எப்படிடா இருக்கு?"

2024-ல அவங்க ஊர்ல மேட்ச். 13-10, மறுபடி நாங்கதான். நான் சொல்றதுக்கு முன்னாடியே அண்ணன் போனை எடுத்துட்டான்.

உங்க வீட்டிலயும் பேசாம இருக்கிற ரெண்டு பேர் உண்டா? ஒரு பெட் கட்டிப் பாருங்களேன்!