தராசின் நா

சொற்களின் பொருளை மாணவர்க்குக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் சில வேளைகளிற் சொற்களால் ஏமாற்றப்படுவதுண்டு. அத்தகைய ஏமாற்றம் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றேன். ஏமாற்றிய சொல் 'சமநிலை'. ஏமாந்தவள் நான். அதனால் நட்டமடைந்தவரோ மூடை சுமந்து பிழைக்கும் ஒரு தொழிலாளி.

செட்டிகுளத்தைச் சூழ்ந்த ஊர்கள் குளங்களை நம்பி வாழ்பவை. காலபோகம் மாசி, பங்குனி மாதங்களில் அறுவடையாகும். முன்னைய நாளில் அரிவி வெட்டி, சூடு மிதித்து, தூற்றி உலர்ந்த நெல்லே வீடு வந்து சேர்ந்தது. இன்று வெட்டும் இயந்திரம் காலையில் வயலில் இறங்கினால் மாலையில் நெல் மூடையாகிவிடுகின்றது. ஈரம் மட்டும் போவதில்லை. அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபையோ நூற்றுக்கு 14 வீதத்துக்கு மேற்படாத ஈரப்பதனையே ஏற்பது. அவ்வாறு உலர்த்துவதற்குத் தளம் வேண்டும். நாலைந்து நாள் வெயில் வேண்டும். அதுவரை கடன்காரர் பொறுத்திருக்கவும் வேண்டும். இம்மூன்றும் இல்லாத சிறு கமக்காரன் வயல் வரம்புக்கே லொறி கொண்டுவரும் வியாபாரியிடம் விற்கின்றான். விலையை வியாபாரி சொல்லுவார், தராசும் வியாபாரியுடையதே. சாக்குக்கும் ஈரத்துக்குமென்று மூடை ஒன்றுக்கு இரண்டு கிலோ கழிக்கப்படும். நாற்பது மூடை விற்பவன் எண்பது கிலோ நெல்லை, அதாவது ஒரு முழு மூடைக்கும் மேலாக, இனாமாகக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகின்றான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, அத்தகைய வியாபாரி ஒருவரிடம் நாட்டாமை வேலை செய்தவர் எவரும் எதிர்பாராத காரியம் ஒன்றைச் செய்தார். (தமிழகத்தில் ஊர்த் தலைவனைக் குறிக்கும் 'நாட்டாமை' என்ற சொல் இலங்கையில் மூடை தூக்கும் தொழிலாளியைக் குறிப்பது.) களத்து மூலையிற் கிடந்த, தையல் பிரிக்கப்படாத ஐம்பது கிலோ யூரியா மூடை ஒன்றைத் தூக்கித் தராசிற் கொளுவினார். முள் நாற்பத்தெட்டைத் தாண்டவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. சுற்றி நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவே.

அன்றிரவே பொதுநோக்கு மண்டபத்திற் கூட்டம் கூடிற்று. வியாபாரியும் வந்திருந்தார். உர மூடை தையல் வழியே ஒழுகியிருக்கலாம் என்றார். கமக்காரர் கூச்சலிட்டனர். "படிச்ச பிள்ளை, ரீச்சர் சொல்லட்டும்" என்று பெரியவர் ஒருவர் கூற, என்னை எழுப்பிவிட்டனர். நான் பேசினேன். வியாபாரிக்கு எரிபொருட் செலவு உண்டு, கமக்காரருக்கு உரச் செலவு உண்டு. தராசு பழுதாகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். இரு பக்கத்திலும் நியாயம் உண்டாதலால் இரு பக்கத்தாரும் சற்று விட்டுக்கொடுக்க வேண்டும் என்றேன். கைதட்டினார்கள். கழிவு இரண்டு கிலோவிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. தராசைப் பற்றிப் பின்னர் எவரும் பேசவில்லை. "மிகவும் சமநிலையாகப் பேசினீர்கள்" என்று சக ஆசிரியர் ஒருவர் மறுநாட் பாராட்டினார். அப்பாராட்டை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன் என்பதையும், எங்கள் வீட்டு நெல் அவ்வேளை விற்கப்படாமற் கிடந்தது என்பதையும் இங்கு மறைக்க விரும்பவில்லை.

அடுத்த நாள் லொறி வந்தது. அந்தத் தொழிலாளி அதில் இல்லை. அவருடைய மகள் என் வகுப்பிற் படித்தவள். சில நாட்கள் அவளும் பாடசாலைக்கு வரவில்லை. ஒரு காலை பஸ் தரிப்பிடத்தில் அவரைக் கண்டேன். வவுனியாவுக்குக் கூலி வேலை தேடிப் புறப்பட்டிருந்தார். என்ன சொல்வதென்று நான் தயங்கி நிற்க, அவரே பேசினார். குரலிற் கோபம் இருக்கவில்லை.

"டீச்சர், நீங்க பேசுனது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா, தராசு முள்ளு அசையலைன்னா, ஒண்ணு மூடையைக் கொளுவல, இல்லைன்னா யாரோ முள்ளைப் பிடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அன்று முதல் அந்தச் சொல் என்னை விடவில்லை. நமது வாழ்வில் அதற்குத்தான் எத்தனை வடிவங்கள்! நடத்துநர் பிறகு தருவதாகச் சொல்லித் தராமல் விடும் சில்லறை 'பலன்ஸ்'. கைத்தொலைபேசியில் வேண்டிய நேரத்திற் தீர்ந்துபோவதும் 'பலன்ஸ்'. தங்கை சைக்கிள் பழகும்போது பின்னால் ஓடும் அண்ணன் கத்துவதும் 'பலன்ஸ்'. வங்கிப் புத்தகத்தில் அது மீதி. கடைக்காரரின் கொப்பியில் நிலுவை. வணிகக் கல்வி ஆசிரியரின் கரும்பலகையில் நெடுங்காலம் ஐந்தொகை. விஞ்ஞான பாடத்திற் சமனிலை. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் மனிதர் மேலேறி முன்னும் பின்னும் நடந்து மிதித்த துலாவும் தராசுக் குடும்பத்துச் சொல்லே. 'நிறை' என்பது பொருளின் பாரத்தையும் குறிக்கும்; மனத்தை நிறுத்தும் உறுதியையும் குறிக்கும். 'தூக்கு' என்பதோ எடைபார்த்தலையும் தூக்குமரத்தையும் ஒருங்கே குறிப்பது. இயமனுக்குச் 'சமன்' என்றும் 'நடுவன்' என்றும் பெயர்கள் உண்டு. அரசனென்றும் ஆண்டியென்றும் பாராது அனைவரையும் கொண்டுசெல்வதால் அவனுக்கு அப்பெயர் வாய்த்தது. எண்ணிப் பார்த்தால், சற்றும் அசையாத சமன் சாவுக்கே உரியது. சைக்கிள் ஓட்டுபவன் இடமும் வலமும் ஓயாது திருத்திக்கொண்டே நிமிர்ந்து செல்கின்றான். ஓட்டத்தை நிறுத்தினால் விழுகின்றான்.

பல்கலைக்கழகத்திற் தமிழ் பயின்ற எனக்கு அத்தொழிலாளி சொன்னது புதிதாக இருந்திருக்கக் கூடாது. திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தைப் பலமுறை கற்பித்திருக்கின்றேன். 118ஆம் குறளில் வள்ளுவர் சான்றோருக்குத் துலாக்கோலை உவமை கூறுகின்றார். அதற்கு உரை செய்த பரிமேலழகர், கோல் முன்னர்த் தான் சமனாக நிற்பதையும், பின்னர்த் தன்மேல் வைக்கப்பட்ட பாரத்தை வரையறுப்பதையும் இரு செயல்களாகப் பிரித்துக் காட்டுகின்றார். இந்த முன்னும் பின்னுமே முக்கியமானவை. சமன் என்பது வெறுங்கோலின் இலக்கணம். பாரம் ஏறியபின் பாரமான பக்கம் தாழத்தான் வேண்டும். தாழாத கோல் பொய்க்கோல். வள்ளுவர் விலக்குவது கோலின் கோணலையே. தட்டின் இறக்கத்தை அவர் விலக்கவில்லை. தராசின் முள்ளை 'நா' என்று அழைக்கும் வழக்கமும் நம் மொழியில் உண்டு. நாவின் தொழில் சொல்லுதல். அன்றிரவு மண்டபத்தில் நான் செய்தது அந்த நாவைப் பிடித்துவைத்ததே.

இது என் ஊர்க் களத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று. நாடுகளும் சமன் செய்கின்றன. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. இயற்கை வேளாண்மையின் பெயரால் அது செய்யப்பட்டதெனினும், அந்நியச் செலாவணி வற்றிச் சென்மதி நிலுவை நெருக்கடியில் இருந்த காலம் அது. நவம்பரிலே தடை நீக்கப்பட்டபோது காலபோகம் விதைத்தாயிற்று. முந்திய ஆண்டு அறுபது மூடை தந்த எங்கள் வயல் அம்முறை முப்பத்தொரு மூடை தந்தது. 2022 ஏப்ரிலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதையே நிறுத்திற்று. நாட்டின் கணக்கைச் சமன் செய்வதற்கு எடுக்கப்பட்ட கல் கமக்காரனின் தட்டில் வைக்கப்பட்டது, கணக்கும் சமனாகவில்லை.

மனிதரையும் தராசில் ஏற்றிய நாடு இது. 1945இல் சோல்பரி ஆணைக்குழுவின் முன் ஜீ. ஜீ. பொன்னம்பலம் வைத்த கோரிக்கை 'ஐம்பதுக்கு ஐம்பது' எனப்பட்டது. பெரும்பான்மை இனத்துக்குப் பாதி ஆசனம், ஏனைய எல்லா இனங்களுக்கும் பாதி ஆசனம் என்பது அதன் சாரம். ஆனால் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாக்கியபோது, சமன் கேட்ட தலைவர் அவ்வாண்டிலேயே அமைச்சரவையில் அமர்ந்தார். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன்படி 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம். இங்கே நால்வருக்குப் பிரசாவுரிமை வழங்கினால் அங்கே எழுவர் போகவேண்டும் என்பது விகிதம். 1974இல் அந்த எஞ்சியோரும் 75,000, 75,000 எனச் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இதைவிடச் சமமான பங்கீட்டை எந்தக் கணித ஆசிரியராலும் செய்துகாட்ட முடியாது. பங்கிடப்பட்டவர்களிடம் மட்டும் எவரும் கேட்கவில்லை.

அவர்களை ஏற்றிச் சென்ற கோச்சி மதவாச்சியிற் திரும்பி, எங்கள் செட்டிகுளம் நிலையத்தைக் கடந்தே தலைமன்னார் இறங்குதுறைக்குச் சென்றது. போரில் அழிந்த அப்பாதை 2015இல் தலைமன்னார் வரை மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அதில் நாங்கள் பயணம் செய்கின்றோம். அந்தக் கோச்சியில் ஏறாமல், 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களில் ஒன்று அந்தத் தொழிலாளியுடையது. இங்கே அவர்களுக்கு வயலும் இல்லை. குளத்து நீரிற் பங்கும் இல்லை. பிறர் நெல்லைச் சுமக்கும் தோள் மட்டுமே அவருக்கு உண்டு. 2009இல் இதே பிரிவின் மெனிக் பாம் முகாம்களில் இலட்சக்கணக்கானோர் அளந்து கொடுத்த அரிசியைத் தின்று கம்பி வேலிக்குள் வாழ்ந்தபோது நாமெல்லோரும் ஒரே தட்டில் இருந்ததாக எண்ணினோம். முகாம் 2012இல் மூடப்பட்டது. காணி உள்ளவன் காணிக்குத் திரும்பினான். காணி இல்லாதவன் கூலிக்குத் திரும்பினான். அத்தட்டு எவ்வளவு காலம் சமனாக இருந்ததென்பது அப்போது தெரிந்தது.

கமக்காரரும் வியாபாரியும் என்ற இரு பக்கங்களையே நான் அன்று கண்டேன். மூன்றாமவர் ஒருவர் இருந்தார். உண்மையைத் தராசில் ஏற்றியவர் அவரே. இரு பக்கமும் சமாதானமானபோது வேலையை இழந்தவரும் அவரே. மாதச் சம்பளம் பெறும் நாம் நடுவில் நிற்பது எளிது. எந்தத் தட்டு தாழ்ந்தாலும் நம் அடுப்பு எரியும். அந்த வசதியையே நடுநிலைமை என்று பெயரிட்டு அழைத்துக்கொள்கின்றோம். மறுபுறம், நிறுக்குமுன்னரே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் தராசும் கள்ளத் தராசுதான் என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். முற்போக்காளராகிய நம்மவரிடையேயும் அத்தராசுகள் உண்டு. அன்று வியாபாரியைக் கள்வன் என்று கூவியிருந்தாலும் நான் பிழையே செய்திருப்பேன். செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: இன்னொரு தராசைக் கொண்டுவரச் செய்து, எல்லார் முன்னிலையிலும் நிறுத்துப் பார்த்து, கண்டதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அதைப் பிந்தியே செய்தேன். வியாபாரத்திற் பயன்படும் தராசுகள் சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். அடுத்த காலபோகத்துக்கு முன் உரிய இடத்துக்கு ஒரு கடிதம் எழுதி, முதற் கையொப்பமாக என் பெயரை இட்டேன். கமக்காரர் காசு சேர்த்து, முத்திரையிட்ட இருபது கிலோ இரும்புப் படிக்கல் ஒன்றை வாங்கி மண்டபத்தில் வைத்தனர். எந்த லொறி வந்தாலும் நெல்லுக்கு முன்னர் அக்கல்லே தராசில் ஏறும். பிள்ளைகள் சூழ்ந்து நின்று முள் காட்டும் இலக்கத்தை உரத்து வாசிப்பார்கள். சில வியாபாரிகள் எங்கள் ஊருக்கு வருவதை நிறுத்திவிட்டனர், சிலர் வருகின்றனர்.

அந்தத் தொழிலாளிக்கு இங்கே வேலை மீண்டும் கிடைக்கவில்லை. இன்றும் விடியற்காலை பஸ்ஸில் வவுனியாவுக்குப் போகின்றார். அவருடைய மகள் இப்போது உயர்தர வகுப்பில் என்னிடமே தமிழ் படிக்கின்றாள். நடுவு நிலைமை அதிகாரத்தைக் கற்பிக்கும்போது அவள் தந்தை பஸ் தரிப்பிடத்திற் சொன்னதைப் பரிமேலழகர் உரைக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லுகின்றேன்; இன்னார் சொன்னார் என்றும் சொல்லுகின்றேன். அவள் தலையைக் குனிந்து எழுதிக்கொள்கின்றாள். ஆயினும் அவருக்கு நான் கொடுக்கவேண்டிய கடன் அதனாற் தீர்ந்துவிடவில்லை. அது இன்னும் என் பெயரில் நிலுவையாகவே இருக்கின்றது.