இரு கயிறுகளும் ஒரு முடிச்சும்

நுழையும்முன்

வீட்டில் அம்மா செய்து தரும் வேலைகளை ஒரு நாள் நாமே செய்து பார்த்தால்தான் அவற்றின் அருமை புரியும். சொந்த ஊரைவிட்டு வேறு மாநிலத்தில் வாழும் பிள்ளைகளுக்கு இன்னொரு பாடமும் உண்டு: மொழி தெரியாத இடத்தில் எப்படித் தோழமை கொள்வது? இவ்விரண்டையும் கற்றுத் தரும் இடம் சாரணர் பாசறை. அத்தகைய பாசறை ஒன்றில் தன்னார்வலர்கள் சிலர் பேசிக்கொண்டதையும், அன்றிரவு நடந்ததையும் இப்பாடம் கூறுகிறது.

*

ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை மாலை. மழை வருமா, வராதா என்று சொல்ல முடியாதபடி வானம் மூடிக் கிடந்தது. ஐதராபாத் நகரின் பேகம்பேட்டில் உள்ள பள்ளி ஒன்றின் விளையாட்டுத் திடலில் நான்கு கூடாரங்கள் எழுந்துகொண்டிருந்தன. முளை அடிக்கும் ஓசையும், தெலுங்கும் இந்தியும் தமிழும் கலந்த கூச்சலும் திடலை நிறைத்தன.

வேப்பமரத்தடியில் மூவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் மூத்த சாரண ஆசிரியர், மதுரைப் பக்கத்தவர், இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றுச் செகந்தராபாத்திலேயே தங்கிவிட்டவர். இன்னொருவர் சாரணியர் ஆசிரியை. வார நாள்களில் வங்கிப் பணி, விடுமுறை நாள்களில் சாரணியர் பணி. மூன்றாமவர் உள்ளூர்க்காரர், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இளைஞர். மூவருக்கும் இப்பணிக்கு ஊதியம் இல்லை.

ஆசிரியை பருந்து அணியின் கூடாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எட்டுச் சிறுவர்கள். அவர்களுள் ஒருவன் மட்டும் சற்று விலகி நின்றான். இரண்டு மாதங்களுக்கு முன்பு தந்தையின் பணிமாற்றத்தால் காஞ்சிபுரத்திலிருந்து வந்து ஏழாம் வகுப்பில் சேர்ந்தவன். இந்தி அரைகுறையாகத்தான் புரியும். தெலுங்கு அறவே தெரியாது.

"ஐயா, அந்தப் பையன் காலையிலிருந்து ஒரு சொல்கூடப் பேசவில்லை. புலி அணியில் நான்கு தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவனை அங்கே மாற்றிவிடலாமே" என்றார் ஆசிரியை.

"மாற்றலாம் அம்மா. ஆனால், அதன்பின் அவன் இந்த ஊரில் தமிழ்ப் பிள்ளைகளை மட்டுமே தேடுவான். அணி என்பது நமக்கு ஏற்றவர்களைத் தேர்ந்துகொள்ளும் இடம் அன்று. கிடைத்தவர்களோடு சேர்ந்து வாழக் கற்றுக்கொள்ளும் இடம்" என்றார் மூத்தவர்.

அவர் கூறியது சாரணர் இயக்கத்தின் முதல் நாளிலிருந்தே உள்ள மரபு. 1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதல் நாள், இங்கிலாந்தில் பிரவுன்சி என்னும் சிறு தீவில் பேடன் பவல் என்னும் படைத்தலைவர் ஒரு பாசறையைத் தொடங்கினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளையும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளையும் அவர் ஒன்றாக அழைத்துச் சென்றார். அந்நாளில் அவ்விரு சாராரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது அரிது. அவர்களைக் கலந்து, காளை, ஓநாய், காகம், உள்ளான் ஆகிய பெயர்களில் நான்கு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். அடுத்த ஆண்டு அவர் எழுதி வெளியிட்ட நூல் உலகெங்கும் பரவியது. நூலோடு இயக்கமும் பரவியது.

இந்தியாவுக்கு இவ்வியக்கம் 1909ஆம் ஆண்டு பெங்களூரு வழியாக வந்தது. ஆனால், தொடக்கத்தில் ஆங்கிலேயர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கே அதில் இடம் இருந்தது. இந்தியப் பிள்ளைகளுக்குக் கதவு அடைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டு பொறாத அன்னி பெசண்ட் அம்மையார் 1916இல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் அமைப்பைத் தொடங்கினார். வடநாட்டில் மதன் மோகன் மாளவியா, இருதயநாத் குன்சுரு, ஸ்ரீராம் பாஜ்பாய் முதலியோர் சேவா சமிதிச் சாரணர் அமைப்பை வளர்த்தனர். நாடு விடுதலை பெற்றபின், தனித்தனியே இயங்கிய அமைப்புகள் 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் ஒன்றாக இணைந்து பாரத சாரணர் இயக்கமாயின. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் சாரணியரும் அதில் இணைந்தனர். இன்று திடலில் ஒரே கொடியின்கீழ் எல்லாப் பிள்ளைகளும் நிற்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் நாற்பது ஆண்டு முயற்சி இருக்கிறது.

"சாரணர் என்னும் சொல் உங்கள் மொழியில் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார் தெலுங்கு இளைஞர்.

"பழைய சொல்தான் தம்பி. ஒற்றர் என்றும் அதற்குப் பொருள் உண்டு. படைக்கு முன்னே சென்று வழி அறிந்து வருபவர். சிலப்பதிகாரத்தில் ஊர் ஊராகச் சென்று அறம் உரைக்கும் சமண முனிவர்களுக்கும் அப்பெயர் வருகிறது. வழி அறிதலும் அறம் காத்தலும் ஆகிய இரண்டும் நம் பிள்ளைகளுக்கு வேண்டியவைதாமே!" என்றார் மூத்தவர்.

பாசறை என்பதும் அத்தகைய பழஞ்சொல்லே. பத்துப்பாட்டுள் மிகச் சிறியதான முல்லைப்பாட்டு 103 அடிகளே உடையது. அதில் காட்டைத் திருத்தி அமைத்த பாசறை ஒன்று காட்சியளிக்கிறது. முள்வேலி, காவலர், விளக்கேற்றும் மகளிர், நீர்க்கலத்தால் நாழிகை அளந்து கூறுவோர் என அனைவருக்கும் அங்கே வேலை பிரித்துத் தரப்பட்டிருக்கிறது. இன்றைய பாசறையிலும் அப்படித்தான். ஓரணி சமைக்கும், ஓரணி நீர் கொணரும், ஓரணி துப்புரவு செய்யும், ஓரணி காவல் இருக்கும். மறுநாள் வேலைகள் மாறும்.

அன்று துப்புரவுப் பணியில் இருந்த அணியினர் திடலின் ஓரத்தில் கிடந்த பழைய வாளிகளையெல்லாம் கவிழ்த்து வைத்தனர். பேகம்பேட்டில் அதற்குத் தனிப் பொருள் உண்டு. மலேரியா நோயின் கிருமி கொசுவின் உடலில் இருப்பதை ரொனால்டு ராஸ் 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள் கண்டறிந்தது இப்பகுதியில்தான். அவர் பெயரால் அமைந்த ஆய்வு நிறுவனம் இன்றும் பேகம்பேட்டில் இருக்கிறது. தேங்கிய நீரைக் கொட்டிவிட வேண்டும் என்பதைப் பாடநூலில் படிக்கும் பிள்ளைகள், பாசறையில் அதைக் கையால் செய்கிறார்கள்.

இருட்டத் தொடங்கியது. ஆசிரியையின் பார்வை மீண்டும் பருந்து அணியின் கூடாரத்துக்குச் சென்றது. ஒரு பக்கத்தில் கயிறு போதாமையால், தடித்த கயிறு ஒன்றோடு மெல்லிய நைலான் கயிற்றை இணைத்து முளையில் கட்டியிருந்தார்கள்.

"ஐயா, அது ரீஃப் முடிச்சு. ஒரே பருமனுள்ள கயிறுகளுக்குத்தான் அது பொருந்தும். நனைந்தால் நழுவிவிடும். நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்" என்று எழுந்தார்.

"வேண்டாம் அம்மா. தீ, மின்சாரம், நீர்நிலை என உயிருக்கு ஊறு செய்யும் எதையும் நான் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்ப்பேன். அதில் பிள்ளைகளை நம்பி விடமாட்டேன். ஆனால், கூடாரம் சாய்ந்தால் நனையப் போவது போர்வைதான். அந்தத் தவற்றைச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு."

"இரவில் நனைந்து நடுங்கும் பிள்ளையின் தாய் நாளை வந்து கேட்டால்?"

"மாற்றுப் போர்வைகள் வகுப்பறையில் இருக்கின்றன. நானும் விழித்திருப்பேன்."

ஆசிரியை அமர்ந்தார், ஆனால் உடன்படவில்லை. தெலுங்கு இளைஞர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விளக்கின் மின்கலங்களைச் சரிபார்க்கச் சென்றார்.

நள்ளிரவு கடந்து மழை கொட்டத் தொடங்கியது. மூத்தவர் குடையோடும் கைவிளக்கோடும் கூடாரம் கூடாரமாகச் சென்றார். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், மழைத்துளி வீசும் நள்ளிரவில் பாண்டிய மன்னன் தூங்காமல் பாசறையைச் சுற்றிவந்து புண்பட்ட வீரர்களுக்கு ஆறுதல் கூறும் காட்சி ஒன்று உண்டு. தலைவன் என்பவன் மற்றவர் உறங்கும்போது விழித்திருப்பவன் என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

பருந்து அணியின் கூடாரம் ஒரு பக்கமாகச் சரிந்தது. சிறுவர்கள் கூச்சலிட்டபடி வெளியே ஓடிவந்தனர். அணித்தலைவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன், தெலுங்குப் பையன். பிரிந்து கிடந்த இரு கயிறுகளையும் பிடித்து அவன் மீண்டும் அதே முடிச்சைப் போட்டான். இழுத்தவுடன் அது நழுவியது. மறுபடியும் போட்டான், மறுபடியும் நழுவியது. மூத்தவர் பத்தடி தொலைவில் விளக்கைப் பிடித்தபடி நின்றார். அவர் கை முன்னே செல்லத் துடித்தது, ஆனாலும் செல்லவில்லை.

அப்போது காஞ்சிபுரத்துச் சிறுவன் முன்னே வந்தான். ஒன்றும் பேசாமல் கயிறுகளை வாங்கினான். தடித்த கயிற்றின் நுனியை மடித்து ஒரு வளையமாகப் பிடித்தான். மெல்லிய கயிற்றை அவ்வளையத்தின் கீழிருந்து மேலே கொணர்ந்து, மடிப்பின் பின்புறமாகச் சுற்றி, அக்கயிற்றின் அடியிலேயே செருகி இறுக்கினான். அணித்தலைவன் இழுத்தான். முடிச்சு நின்றது. இருவர் சேர்ந்து இழுத்தனர். அப்போதும் நின்றது.

சாரணர்கள் அதனை ஷீட் பெண்ட் என்பர். பருமன் வேறுபட்ட இரு கயிறுகளை இணைப்பதற்கு உரியது அது. தறியில் அறுந்த இழையை இணைக்க நெசவாளர்கள் போடும் முடிச்சும் அமைப்பில் அதுவே. அச்சிறுவனின் தாத்தா காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவர். தறியின் அருகில் அமர்ந்து, அறுந்த இழைகளைக் கட்டிக் கொடுத்துப் பழகிய கைகள் அவனுடையவை.

"இதன் பெயர் என்ன?" என்று அணித்தலைவன் இந்தியில் கேட்டான்.

சிறுவனுக்கு விடை சொல்ல மொழி இல்லை. சற்றுத் தயங்கி, "தாத்தா" என்றான்.

"தாத்தய்யாவா!" என்று சிரித்தான் அணித்தலைவன். தெலுங்கிலும் அதே உறவை அப்படித்தான் அழைப்பார்கள். நனைந்த சிறுவர்கள் அனைவரும் சிரித்தனர். காலையிலிருந்து வாய் திறவாத சிறுவனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான்.

மறுநாள் காலை, பருந்து அணியின் குறிப்பேட்டில் அந்த முடிச்சின் படம் வரையப்பட்டிருந்தது. அதன்கீழே தெலுங்கு எழுத்தில் 'தாத்தா முடி' என்று எழுதியிருந்தனர். முடிச்சைத் தெலுங்கில் முடி என்றே சொல்வார்கள். காஞ்சிபுரத்துச் சிறுவனைச் சுற்றி நான்கு பேர் கயிற்றோடு அமர்ந்திருந்தனர்.

"நீங்கள் சொன்னதுதான் சரி ஐயா" என்றார் ஆசிரியை.

மூத்தவர் தலையை அசைத்தார். "பாதிதான் சரி அம்மா. முடிச்சை விட்டுவைத்தது சரி. ஆனால், ஒரு பிள்ளை பகல் முழுதும் பேசாமல் இருந்ததையும் பயிற்சி என்று எண்ணிக்கொண்டேனே, அது தவறு. மழை பெய்யாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவன் ஊமையாகவே வந்து ஊமையாகவே வீடு திரும்பியிருப்பான். உன் ஊர் எது, உனக்கு என்ன தெரியும் என்று நேற்றே நான் அவனிடம் கேட்டிருக்க வேண்டும்."

சாரணர்கள் இடக்கையால் கைகுலுக்குவது ஏன் என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். ஆப்பிரிக்காவின் அசாந்தி நாட்டு வீரர்கள் இடக்கையில் கேடயம் ஏந்துவர். அக்கையை நீட்ட வேண்டுமானால் கேடயத்தைக் கீழே வைக்க வேண்டும். அதாவது, எதிரில் இருப்பவரை நம்ப வேண்டும். அன்று காலை மூத்தவர் ஆசிரியைக்கு இடக்கையை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கூடாரங்கள் பிரிக்கப்பட்டன. வந்தபோது இருந்ததைவிடத் தூய்மையாகத் திடலை விட்டுச்செல்வது மரபு. பிள்ளைகள் வரிசையாக நடந்து காகிதத் துண்டுகளைப் பொறுக்கினர். ஐதராபாத் பல பெரிய பாசறைகளைக் கண்ட நகரம். விடுதலைக்குப் பின் முதல் தேசியச் சாரணர் பெருந்திரளணி 1953இல் இந்நகரில்தான் கூடியது. இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணியோ 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் தமிழ்நாட்டின் மணப்பாறையில் கூடியது. அங்கும் பல மொழி பேசும் பிள்ளைகள் ஒரே திடலில் கயிறு கட்டினர்.

எல்லோரும் சென்றபின் ஆசிரியை தம் குறிப்பேட்டைத் திறந்து, அடுத்த பாசறைக்கு உரியவற்றை எழுதினார். கயிறு பத்து மீட்டர் கூடுதலாக வாங்க வேண்டும். மாற்றுப் போர்வைகளை உலர்த்தி வைக்க வேண்டும். மூன்றாவதாக எழுதியது இது: புதிதாக வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் முதல் நாளே அதன் ஊரைப் பற்றிக் கேட்க வேண்டும்.

*

சொல்லும் பொருளும்

பாசறை – படை அல்லது குழு தங்கும் இடம்
முளை – கூடாரக் கயிறு கட்ட மண்ணில் அடிக்கும் சிறு கட்டை
நாழிகை – 24 நிமிட நேரம்
ஊறு – தீங்கு
பெருந்திரளணி – சாரணர் பெருங்கூட்டம்

சிந்தித்து எழுதுக

1. சிறுவனை வேறு அணிக்கு மாற்ற மூத்தவர் ஏன் உடன்படவில்லை?
2. எவற்றைத் தாமே சரிபார்ப்பதாக மூத்தவர் கூறினார்? எவற்றைப் பிள்ளைகளிடம் விட்டார்?
3. 'பாதிதான் சரி' என்று மூத்தவர் கூறியதன் காரணத்தை விளக்குக.
4. உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம் கற்ற கைவேலை ஒன்றைச் செய்யும் முறையைப் பத்து வரிகளில் எழுதுக.
5. தமிழிலும் உங்கள் தோழரின் தாய்மொழியிலும் ஒன்றுபோல் ஒலிக்கும் ஐந்து சொற்களைக் கேட்டறிந்து எழுதுக.