எந்தக் காகிதத்தில் இருந்தது?

வாஷிங்டன்

அன்புள்ள நண்பருக்கு,

வகுப்பில் சரித்திரம் நடத்தும் நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று இங்கே அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை தொலைக்காட்சியைப் போட்டால் சி-ஸ்பான் 2 அலைவரிசையில் நாள் முழுக்க அமெரிக்க வரலாறு. ஞாயிறு முழுக்கப் புத்தகங்கள். விளம்பரம் கிடையாது, அரசாங்கப் பணமும் கிடையாது. கேபிள் நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்தில் 1979 முதல் சி-ஸ்பான் நடந்துவருகிறது. பின்னணி இசை, நடிகர்களை வைத்து எடுத்த போர்க்களம் எதுவும் இல்லை. ஏதோ ஒரு கல்லூரி வகுப்பறையில் கேமராவை வைத்து, ஒரு பாடத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை அப்படியே காட்டுகிறார்கள். மாணவர் கேட்கும் சந்தேகம், ஆசிரியர் யோசித்துத் தயங்குவது எல்லாம் வருகிறது. முதல் அரை மணி நேரம் பொறுமை வேண்டும். அதன் பிறகு எழுந்திருக்க மனம் வராது.

ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸின் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடரையும் மறுபடி பார்த்தேன். 1990 செப்டம்பரில் பிபிஎஸ் தொலைக்காட்சியில் ஐந்து இரவுகள் ஒளிபரப்பாகி, நாட்டையே வீட்டுக்குள் உட்கார வைத்த தொடர். அசையாத பழைய புகைப்படத்தின் மேல் கேமரா மெல்ல ஊர்ந்து ஒரு சிப்பாயின் முகத்தில் போய் நிற்கும்போது இன்றும் தொண்டை அடைக்கிறது. ஆனால் அதில் நாவலாசிரியர் ஷெல்பி ஃபூட் வந்துகொண்டே இருக்கிறார். அடிமை முறையை விட்டுவிட்டு இந்தப் போரைப் பேச முடியாது என்று சொல்லும் வரலாற்றாசிரியர் பார்பரா ஃபீல்ட்ஸுக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். ஃபூட் கதை சொல்லும் அழகில் ஆதாரம் கேட்கவே நமக்குத் தோன்றுவதில்லை. அந்தத் தொடரில் எனக்குள்ள குறை அதுதான்.

ஆதாரம் கேட்கிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் கனெக்டிகட் அவென்யூவில் உள்ள ‘பாலிடிக்ஸ் அண்ட் ப்ரோஸ்’ புத்தகக் கடைக்கு வர வேண்டும். 1984இல் தொடங்கிய கடை. மாலையானால் அலமாரிகளுக்கு நடுவே நாற்காலி போடுகிறார்கள். அனுமதி இலவசம். நான் போன அன்று பேசிய எழுத்தாளர், போருக்குப் பிறகு விடுதலையான மக்களைப் பற்றி ஆராய்ந்தவர். அவர் பேசி முடித்ததும் மைக் முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள். வயதான ஓர் அம்மாள் குறிப்பு நோட்டைப் பிரித்து, “நீங்கள் சொன்ன அந்தச் சம்பவம் எந்தக் காகிதத்தில் இருந்தது?” என்று கேட்டார். 1865இல் விடுதலை பெற்றவர்களுக்காக அரசு அமைத்த அலுவலகத்தின் கோப்புகளில் இருந்தது என்று எழுத்தாளர் விளக்கினார். கூலி ஒப்பந்தங்கள், திருமணப் பதிவுகள், புகார்கள் என்று அவை இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

அடுத்து வந்தவர் தன் முன்னோரைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு கறுப்பினப் பெரியவர். 1870க்கு முன்னால் போக முடியவில்லை என்றார். கூட்டத்தில் பலர் தலையசைத்தார்கள். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று இருந்த தனிப் பட்டியலில் உரிமையாளர் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம், அவ்வளவுதான். விடுதலையானவர்கள் பெயரோடு பதிவானது 1870இல்தான். நிகழ்ச்சி முடிந்ததும் அவரவர் நாற்காலியை அவரவரே மடக்கிச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். நான் அந்தப் பெரியவருக்காக வாசலில் நின்றேன். எழுத்தாளர் அவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

அறைக்குத் திரும்பி, வரலாற்றாசிரியர் எரிக்கா ஆம்ஸ்ட்ராங் டன்பார் பேசிய பழைய பதிவு ஒன்றைப் பார்த்தேன். வேறொரு ஆய்வுக்காக 18ஆம் நூற்றாண்டுச் செய்தித்தாள்களைப் புரட்டியவரின் கண்ணில் ஒரு விளம்பரம் பட்டிருக்கிறது. ஜனாதிபதியின் வீட்டிலிருந்து ஓடிப்போன இளம்பெண்ணைப் பிடித்துத் தந்தால் 10 டாலர். தோலில் புள்ளிகள், கன்னங்கரிய கண்கள், அடர்ந்த கூந்தல் என்று அடையாளங்கள். ஜனாதிபதி, ஜார்ஜ் வாஷிங்டன். பெண், ஓனா ஜட்ஜ். அந்த விளம்பரத்தைத் தொடர்ந்து போய் டன்பார் எழுதிய ‘நெவர் காட்’ 2017இல் வெளிவந்தது. அவளைப் பிடிக்கக் கொடுத்த விளம்பரமே அவளை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

அதைக் கேட்ட பிறகு ஃபிலடெல்ஃபியாவுக்கு ரயில் ஏறாமல் இருக்க முடியவில்லை. ஓனா ஓடிப்போனபோது அதுதான் தலைநகரம். வெளியூர்க்காரர் கொண்டுவரும் அடிமை ஆறு மாதம் தொடர்ந்து தங்கினால் விடுதலை கோரலாம் என்பது பென்சில்வேனியாவின் 1780ஆம் ஆண்டுச் சட்டம். வாஷிங்டன் அந்தக் கெடு முடிவதற்குள் தன் அடிமைகளை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பி, மறுபடி வரவழைத்தார். உண்மைக் காரணம் அவர்களுக்குத் தெரியாதபடி பார்த்துக்கொள்ளச் சொல்லித் தன் செயலாளருக்கு அவர் எழுதிய கடிதம் இன்னும் இருக்கிறது. 1796 மே மாதம், எஜமானர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில் ஓனா வெளியேறி, கப்பலில் நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தாள். வாஷிங்டனின் மனைவி மார்த்தாவின் பேத்திக்கு அவளைக் கொடுப்பதாக இருந்தார்கள்.

ஜனாதிபதியின் அந்த வீடு இப்போது இல்லை. 2007இல் தோண்டியபோது கிடைத்த அடித்தளத்தைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். சமையல்கட்டின் கற்கள் தெரிகின்றன. அங்கே அடிமைகளாக இருந்த ஒன்பது பேரின் பெயர்களைக் கருங்கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். சில அடி தள்ளி, சுதந்திர மணியைப் பார்க்க நீண்ட வரிசை. வரிசையிலிருந்து விலகி வந்த ஒரு சிறுமி அந்தப் பெயர்களை விரலால் தடவி, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள்.

ஓனாவை வாஷிங்டனால் திரும்பப் பிடிக்க முடியவில்லை. ஆனாலும் 1848இல் இறக்கும்வரை சட்டப்படி அவள் அடிமைதான். கணவரையும் மகள்களையும் பறிகொடுத்து வறுமையில் இருந்தவளைச் சாவதற்குச் சில ஆண்டுகள் முன்பு பேட்டி காணத் தேடிப் போனார்கள். இவ்வளவு கஷ்டத்துக்கு ஓடி வராமலே இருந்திருக்கலாமே என்று வருந்தியதுண்டா என்ற கேள்விக்கு, இல்லை என்றாள். அந்தப் பேட்டி 1845இல் அச்சாகியிருக்கிறது. விளம்பரத்தையும் பேட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்கள் மாணவர்களுக்குக் காட்டுங்கள். டன்பாரின் புத்தகத்தைத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவள் கப்பலிலிருந்து இறங்கிய போர்ட்ஸ்மத்துக்குப் போகிறேன். அங்கிருந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்