சிவப்புப் பொத்தான்

பேர்லின் நகரின் மேற்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கோபுரம் நிற்கிறது. 1926இல் திறந்துவைக்கப்பட்ட வானொலிக் கோபுரம் அது. அதன் காலடியில் இப்போது ஆண்டுதோறும் நடைபெறும் மின்னணுப் பொருட் கண்காட்சியைச் சுருக்கமாக 'இஃபா' என்கிறார்கள். 1924 டிசம்பரில் வானொலிப் பெட்டிகளைக் காட்டுவதற்கென்று தொடங்கிய கண்காட்சி. கொழும்பில் முறையான ஒலிபரப்பு ஆரம்பமானது 1925 டிசம்பரில். அந்த வகையில் நாமும் அவ்வளவு பிந்தியவர்கள் அல்லர்.

கண்காட்சிக்கு நூறு வயதான 2024 செப்டம்பரில்தான் நான் முதன்முதலாக அங்கே போனேன். மருமகன் அந்த நகரில் தொழில் பார்க்கிறார். "மாமா, ஒரு நாளில சுத்தி முடிக்க ஏலாது. நல்ல சப்பாத்தாப் போட்டுக்கங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். மண்டபத்துக்கு மண்டபம் நடந்தோம். சுவரளவு தொலைக்காட்சிகள், தானாகவே தரை கூட்டும் இயந்திரங்கள், உடுப்பின் தன்மையறிந்து கழுவும் பெட்டிகள்... எங்கு திரும்பினாலும் 'செயற்கை நுண்ணறிவு' என்ற சொல். ஐந்து நாட்களில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் வந்துபோனார்களாம்.

என் மனமோ இதே கண்காட்சியில் முன்பு அறிமுகமான இரண்டு பொருட்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவற்றைப் பற்றி வாசித்துவிட்டே போயிருந்தேன்.

முதலாவது, 1933இல் நாஜி அரசு அறிமுகப்படுத்திய 'மக்கள் வானொலி'. விலை 76 மார்க். மற்றைய வானொலிகளைவிட மிக மலிவு. அதன் மாதிரி இலக்கம் 301. ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30ஐ நினைவூட்டும் இலக்கம். ஏழைக்கும் வானொலி கிடைத்தது. வீட்டுக்கு வீடு ஒரே குரலும் புகுந்தது. 1939இல் யுத்தம் தொடங்கியதும் வெளிநாட்டு வானொலியைக் கேட்பதே குற்றமாயிற்று. 1930இல் இதே கண்காட்சியைத் திறந்துவைத்துப் பேசிய அல்பர்ட் ஐன்ஸ்டீன், மக்களினங்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்ள வானொலி உதவும் என்று நம்பியிருந்தார். மூன்று ஆண்டுகளுக்குள் அவரே நாடு திரும்ப முடியாதவரானார்.

இரண்டாவது, 1963இல் பிலிப்ஸ் கம்பனி இங்கே காட்டிய ஒலிப்பதிவுக் கசட். லூ ஒட்டன்ஸ் என்ற பொறியியலாளர், தன் கோட்டுப் பையில் அடங்கும் மரத்துண்டொன்றை அளவாக வைத்துக்கொண்டு அதன் கருவியை உருவாக்கினார் என்பார்கள். அந்தச் சின்னப் பொருள் இருபது ஆண்டுகளில் எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

உம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த ராத்தாவின் கடிதங்களை நானோ பக்கத்து வீட்டு மாஸ்டரோ வாசித்துக்காட்ட வேண்டும். மற்றவர் கண் படும் என்பதால் ராத்தா எழுதாமல் விட்டவை எத்தனையோ. 1983இல் விடுமுறையில் வந்த ஒருவரிடம் அவள் ஒரு ரேடியோவும் கசட்டும் கொடுத்தனுப்பியிருந்தாள். போட்டதும் முதலில் மூச்சுச் சத்தம். பிறகு, "உம்மா, இதத் தனிய இருந்து கேளுங்க."

உம்மா எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். அன்று ராத்தா என்ன சொன்னாள் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்துப் பதில் பதிந்ததும் அப்படித்தான். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் ஒன்றாக அமுக்க வேண்டும் என்பதை ஒரே தடவையில் பழகிக்கொண்டார். வெளியே நின்ற எங்களுக்குக் கேட்டது, பேசி முடித்ததும் பொத்தான் எழும்பும் 'டக்' என்ற சத்தம் மட்டுமே. எழுத்தறியாத ஒரு பெண், இடையில் எவருமில்லாமல், கடல் கடந்திருந்த தன் மகளோடு பேசினார்.

மலிவு வானொலியும் கசட்டும் ஒரே கண்காட்சியின் பிள்ளைகள்தாம். ஒன்று பேசியது, மக்கள் கேட்டார்கள். மற்றையது மக்களும் பேச ஒரு சிவப்புப் பொத்தானைக் கொடுத்தது.

பின்னேரம் ஒரு கூடத்தில், பேசினால் பதில் சொல்லும் சிறிய ஒலிபெருக்கியொன்றைக் காட்டினார்கள். அதற்குப் பொத்தான் அமுக்கத் தேவையில்லை. அழைப்புக்காக எந்நேரமும் காது கொடுத்தபடியே இருக்குமாம். "இது கேட்கிறதெல்லாம் எங்க போகுது எண்டு கேளுங்க மகன்" என்றேன். மருமகன் கேட்டார். அங்கு நின்ற இளைஞன் மரியாதையாகச் சிரித்தான். விரும்பினால் அதை நிறுத்திவைக்கலாம் என்றான். நான் கேட்டது அதுவல்ல. ஆனாலும் அவனுக்கு அதற்குமேல் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை போலும்.

பேசும் பெட்டி வந்தது, பேசவிடும் பெட்டி வந்தது. இப்போது வந்திருப்பது, நம் வீட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் பெட்டி. ஒரு சாமானை வாங்கும்போது விலை கேட்கிறோம், உத்தரவாதம் எத்தனை வருடம் என்று கேட்கிறோம். இனி இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கத்தான் வேண்டும்: உம்மாவும் மகளும் தனியே பேச நினைத்தால், இந்தச் சாமானை எந்தக் கதவுக்கு வெளியே வைப்பது?