திரையும் செவியும்

ஒரு வீட்டிற்குள் வந்து சேரும் பொருள்களிலே, வீட்டார் அமரும் திசையையே மாற்றிவிடும் ஆற்றல் தொலைக்காட்சிப் பெட்டிக்கு உண்டு. அது வந்த நாள் முதல் நாற்காலிகள் எல்லாம் ஒரு சுவரையே நோக்குகின்றன. ஆகவே, பழைய பெட்டியை அகற்றிப் புதியதைக் கொணர்வது வெறும் கொள்முதல் அன்று. அந்தச் சுவருக்கு முன்னே வீட்டில் உள்ளோர் யாவருக்கும் இடம் இருக்கின்றதா என்று எண்ணிப் பார்க்க வேண்டிய காரியமுமாகும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கியது. எனினும் நம் காயல்பட்டினத்தார் அந்நாளில் கண்டது பெரும்பாலும் கடலுக்கு அப்பாலிருந்து வந்த படத்தையே. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியதும், மாடிகளில் உயர்ந்த ஆன்டெனாக் கம்பங்கள் கடலை நோக்கித் திரும்பின. தொலைக்காட்சி ஆகுமா, ஆகாதா என்று திண்ணைகளில் வாதம் நடந்த காலமும் அதுவே. வாதித்தோரில் பலர் இன்றில்லை. பெட்டியோ வீட்டுக்கு வீடு நிலைத்துவிட்டது.

அண்மையில் நம் வீட்டுப் பெட்டி பழுதுபட்டது. புதியது வாங்குவோம் என்றதும் பிள்ளைகள் அங்குலக் கணக்கில் இறங்கிவிட்டார்கள். "அறுபத்தைந்துக்குக் குறையக் கூடாது, வாப்பா" என்றான் மகன். எண்பதைக் கடந்த நம் உம்மாவோ ஒன்றும் கூறவில்லை. கேட்டபோதுதான், "படம் எனக்குத் தெரியத்தான் செய்யுது, வாப்பா. அவங்க பேசுறதுதான் விளங்க மாட்டேங்குது" என்றார்கள்.

அச்சொல் நம்மைச் சிந்திக்க வைத்தது. உம்மா நாற்பது ஆண்டுகள் தெருப் பெண் மக்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தவர்கள். ஒவ்வோர் எழுத்தும் நாவின் எவ்விடத்தில் பிறக்கிறது என்று காட்டிக் காட்டித் திருத்தியவர்கள். அத்தகையோர் சென்ற இரண்டு ரமளான்களாக, ஹரம் ஷரீஃபின் தராவீஹ் ஒளிபரப்பின்போது கூடத்திற்கு வராமல் தம் அறையிலேயே தங்கிவிட்டார்கள். அசதி என்றே நாமெல்லாம் எண்ணியிருந்தோம்.

காது மருத்துவர் விளக்கினார். முதுமையில் செவி எல்லா ஒலிகளையும் ஒருசேர இழப்பதில்லை. உயர்ந்த அதிர்வுடைய ஒலிகளே முதலில் மங்குகின்றன. உயிரெழுத்துகளின் ஓசை எட்டும். ச, ஸ, ஃப போன்ற மெல்லிய உரசொலிகள் எட்டமாட்டா. யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. ஒலியைக் கூட்டினாலும் ஏற்கெனவே கேட்பதே பேரிரைச்சலாகும், கேளாதது தெளிவதில்லை. மருத்துவர் செவிக் கருவியொன்றும் தந்தார். அது அருகில் இருந்து பேசுவோரின் சொல்லை நன்கு கொணர்கிறது. ஆனால் தொலைவிலிருந்து வரும் ஒலியோடு கூடத்தின் எதிரொலியும் கலந்துவிட்டால், அக்கருவியும் திணறுகிறது.

எனவே, படத்தைப் போலவே சொல்லையும் அளந்து வாங்குவது என்று முடிவு செய்து, திருநெல்வேலிக் கடையொன்றிற்குச் சென்றோம். அங்கே எல்லாப் பெட்டிகளும் கண்ணைப் பறித்தன. கடை விளக்குகளின் வெளிச்சத்தை வெல்வதற்காகவே அவற்றின் ஒளியையும் வண்ணத்தையும் மிகைப்படுத்தி வைத்திருப்பார்கள். வீட்டுக்குரிய நிலைக்கு மாற்றிக் காட்டும்படி கேட்டோம். அப்போதுதான் மனித முகம் மனித முகமாகத் தெரிந்தது.

நம் கூடத்தில் இருக்கைக்கும் சுவருக்கும் இடையே ஒன்பது அடி. திரையின் அளவு மூலைக்கு மூலை அளக்கப்படுவது. 3840க்கு 2160 என்னும் புள்ளிக் கணக்குடைய '4கே' திரையை அதன் மூலைவிட்டத்தைப் போல் ஒன்றரை மடங்குத் தொலைவில் அமர்ந்தும் இதமாகப் பார்க்கலாம். 55 அங்குலத் திரைக்கு அது ஏறக்குறைய ஏழடி. ஒன்பது அடிக்கு அத்திரை போதும். 'ஓலெட்' வகையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கும். இருண்ட அறைக்கு அது அழகு. நம் கூடமோ முற்றத்தை நோக்கித் திறந்தது. பகல் வெளிச்சம் தாராளமாக வரும். ஆகவே, பின்னொளி மிகுந்த 'எல்.இ.டி.' வகையையே தேர்ந்தோம். 65 அங்குலத்திற்கும் இதற்கும் இருந்த விலை வேறுபாட்டை ஒலிக்கென ஒதுக்கி வைத்தோம்.

இக்காலப் பெட்டிகளின் மெலிவே அவற்றின் குறையுமாகும். ஒலிபெருக்கிக்கு வேண்டிய இடம் அவற்றினுள் இல்லை. இருப்பவையும் பெரும்பாலும் தரையையோ சுவரையோ பார்த்தே ஒலிக்கின்றன. அங்கே பட்டுத் திரும்பி வரும்போது, உரசொலிகளின் கூர்மை மழுங்கிவிடுகிறது. முதியோருக்கு வேண்டியதோ அந்தக் கூர்மைதான்.

நம் வீட்டுப் பரணில் ஒரு ஹோம் தியேட்டர் கிடந்தது. தம்பி துபாய்ச் சபரிலிருந்து வந்தபோது கொணர்ந்தது: ஓர் ஆம்ப்ளிஃபையர், ஐந்து ஒலிபெருக்கிகள், தாழ்ந்த ஒலிக்கென ஒரு சப்வூஃபர். அதைப் புதிய பெட்டியோடு இணைப்பதற்கு ஒரே கம்பி போதும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எச்.டி.எம்.ஐ. துளைகளில் 'ஏ.ஆர்.சி.' என்று குறித்த ஒன்று இருக்கும். 2009இல் வந்த இந்த ஏற்பாட்டினால், தொலைக்காட்சியின் ஒலி அதே கம்பி வழியே ஆம்ப்ளிஃபையருக்குத் திரும்பிச் செல்லும். ஆம்ப்ளிஃபையரிலும் அதே குறி உள்ள துளையில்தான் மறுமுனையைச் செருக வேண்டும். அக்குறி இல்லாத பழைய கருவிகளுக்கு ஒளியிழைக் கம்பி உதவும். பிறகு தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலில், ஒலி வெளிக்கருவிக்குச் செல்லுமாறு மாற்ற வேண்டும். ஒலி வடிவம் 'பி.சி.எம்.' என்று இருந்தால் இந்த வழியில் இரண்டு தடங்களே போய்ச் சேரும். 'பிட்ஸ்ட்ரீம்' என்று வைத்தால்தான், ஐந்து தடங்களோடு ஒளிபரப்பான நிகழ்ச்சி ஐந்தாகவே வந்து சேரும்.

ஐந்து ஒலிபெருக்கிகளில் நாம் நாடியது நடுவில் வைப்பதைத்தான். ஐந்து தட நிகழ்ச்சிகளில் பேச்சின் பெரும்பகுதியை அதுவே சுமக்கிறது. இசையும் ஆரவாரமும் பெரும்பாலும் மற்றவற்றுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. ஆகவே, நடு ஒலிபெருக்கியை அலமாரிக்குள் ஒளிக்காமல் விளிம்பிற்குக் கொணர்ந்து, உம்மா அமரும் நாற்காலியின் உயரத்திற்குச் சற்றே சாய்த்து வைத்தோம். அதன் அளவை மட்டும் நான்கு டெசிபல் உயர்த்தினோம். பின்புறத்து இரண்டையும் தாழ்த்தினோம். கம்பிகளின் சிவப்பு முனை சிவப்பிற்கும் கறுப்பு முனை கறுப்பிற்கும் போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்று மாறினாலும் ஒலி நிலைகுலைந்து பரவிவிடும்.

இன்னொன்று. செவி மங்கியோர் தம்மை அறியாமலே பேசுவோரின் உதடுகளையும் படிக்கிறார்கள். படம் முந்தி ஒலி பிந்தினால் அத்துணையும் போய்விடும். இதைச் சரிசெய்ய ஆயிரத்தில் ஒரு நொடிக் கணக்கில் ஏற்றியிறக்கும் அமைப்பு இருக்கிறது. செய்தி வாசிப்பவரின் உதடுகளைப் பார்த்துப் பார்த்து அதை உம்மாவே நிறுத்தச் சொன்னார்கள்.

இனி, சுவருக்கு அப்பால் உள்ள வீடு. சவூதி நேரத்தைவிட நம் நேரம் இரண்டரை மணி முந்தியது. ரமளானில் அங்கே மஃரிபிற்கு இரண்டு மணி நேரம் கழித்தே இஷா. ஆகவே அங்கே தராவீஹ் தொடங்கும்போது இங்கே இரவு பதினொரு மணியை ஒட்டிவிடும். நம் தெருவில் வீட்டிற்கும் வீட்டிற்கும் நடுவே ஒரு சுவர் மட்டுமே. தாழ்ந்த ஒலியோ சுவரைத் துளைத்துக்கொண்டு செல்லும் இயல்புடையது. அண்டை வீட்டாரின் உரிமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எத்துணை வலியுறுத்தினார்கள் என்பதை நாம் அறிவோம். ஓதல் ஒலியேயானாலும் உறங்குவோரின் உறக்கத்தைக் கெடுக்க நமக்கு உரிமையில்லை. ஆதலின் ஓரிரவு பக்கத்து வீட்டில் போய் நின்று கேட்டோம். சப்வூஃபரின் முழக்கம் அங்கே நன்றாகவே கேட்டது. "பரவாயில்லை, காக்கா" என்றார் அவ்வீட்டுத் தம்பி. ஆயினும் இரவு ஒன்பதிற்கு மேல் அதை அணைத்துவிடுவது என்று முடிவு செய்தோம். பேச்சுக்கும் ஓதலுக்கும் அது தேவையே இல்லை. 'இரவு நிலை' என்னும் ஏற்பாடு உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லொலியை உயர்த்திக் கொடுப்பதால், குறைந்த ஓசையிலேயே சொல் தெளிகிறது.

இவ்வளவும் செய்ததால் உம்மாவின் செவி திரும்பிவிட்டதாக நாம் கூறமாட்டோம். சில குரல்கள் இன்னும் அவர்களுக்கு எட்டுவதில்லை. ஆனால் ஒரு மாலை, சிறுவர்களின் கிராஅத் போட்டி ஒளிபரப்பாகிக் கொண்டிருந்தது. பிள்ளைகள் தத்தம் கைப்பேசியில் மூழ்கியிருந்தனர். நாற்காலியிலிருந்து குரல் எழுந்தது: "அந்தப் புள்ள ஸாதை ஸீனாக்கிட்டானே!" பேத்தி நிமிர்ந்து பார்த்து, "எப்படி ஓதணும், உம்மும்மா?" என்று கேட்டாள். உம்மா ஓதிக் காட்டினார்கள். அவள் திருப்பி ஓதினாள். அவர்கள் திருத்தினார்கள். பெட்டியின் ஒலியை நாம் தாழ்த்திவிட்டோம்.

புதிய பெட்டி வாங்க எண்ணும் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: கடைக்குப் போகுமுன் வீட்டு முதியோர் அமரும் இடத்தில் சற்றே அமர்ந்து பாருங்கள். அங்கிருந்து திரை தெரிகிறதா என்பதோடு, சொல் எட்டுகிறதா என்றும் பாருங்கள். இயலுமானால் அவர்களையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். பழக்கமான குரலொன்றை ஒலிக்கச் செய்து, விளங்குகிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். அவர்கள் ஆம் என்று தலையசைக்கும் பெட்டியை வாங்குங்கள். அங்குலம் சற்றுக் குறைந்தாலும் குறையட்டும்.