பம்பைக் கழற்றாதே, தம்பி

பொங்கோல், சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பிக்கு,

 

நீ அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். குளத்து வண்டலை அள்ளிக்கொண்டு லோடர் கை மனமே இல்லாமல் ஏறுகிறது. லிவரை விட்டால் தானாக இறங்குகிறது. பம்ப் முனகுவது போனிலேயே கேட்கிறது. அதற்குள் மெக்கானிக் "பம்ப் போச்சு" என்றாராம். புதுப் பம்ப் வாங்க நீ உன் வீட்டுக்காரி கழுத்துச் சங்கிலியைக் கேட்டு வாங்கினாயாம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்க என்னடா கூச்சம்? பொழுது விடிந்தால் நான் பார்க்கிற வேலையே இதுதானே. இங்குள்ள 20 டன் எக்ஸ்கவேட்டரில் 350 பார் அழுத்தம் என்றால், உன் டிராக்டரில் அதில் பாதி இருக்கும். மற்றபடி இரண்டிலும் ஓடுவது ஆயில்தான், கெடுகிற விதமும் ஒன்றுதான்.

முதலில் ஆயில் அளவைப் பார். பக்கெட்டைத் தரையில் இறக்கி, பின்பக்க லிஃப்டையும் இறக்கி, வண்டியைச் சமதரையில் நிறுத்திவிட்டு அளவுக் குச்சியை எடு. லோடரை நீ பிறகுதானே மாட்டினாய்? அந்தச் சிலிண்டர்களும் ஹோஸ்களும் குடித்த ஆயில் உன் டிராக்டர் வயிற்றிலிருந்து போனதுதான். அதை ஈடுகட்டி ஊற்றினார்களா என்று யாரையாவது கேட்டாயா? அளவு குறைந்தால், குளத்துக் கரைச் சரிவில் வண்டி சாயும்போது பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். முனகல் அங்கிருந்துதான் வரும். குச்சியில் நுரை இருந்தால் காற்று. வெளுத்து மோர் மாதிரி இருந்தால் தண்ணீர். தண்ணீர் என்றால் மொத்த ஆயிலையும் மாற்றித்தான் ஆகவேண்டும். கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கிற ஆயிலையே ஊற்று. கடைக்காரர் கொடுக்கிறாரே என்று எதையும் வாங்கி ஊற்றாதே.

அடுத்தது ஸ்ட்ரெய்னர், அதாவது ஆயிலை வடிகட்டும் வலை. எங்கள் சைட்டில் ஒரு வண்டி உன்னுடையது மாதிரியே சோர்ந்து நின்றது. புதுப் பம்புக்கு விலை கேட்டு முடித்த பிறகுதான் ஸ்ட்ரெய்னரைக் கழற்றினோம். வலை முழுக்கப் பனியன் வேஸ்ட் நூல் பின்னிக் கிடந்தது. யாரோ ஆயில் ஊற்றும் வாயைத் துடைத்த துணி. டீசல் விட்டுக் கழுவி மாட்டியதும் வண்டி எழுந்துவிட்டது. நீயும் அந்த வாயைத் துடைக்கப் பனியன் வேஸ்ட் எடுக்காதே, நூல் போகாத துணியால் துடை.

இதையெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால், பின்பக்கம் கலப்பையை மாட்டித் தூக்கிப் பார். அதுவும் தடுமாறினால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில்: ஆயில், ஸ்ட்ரெய்னர், பம்ப், இல்லையென்றால் அழுத்தத்தை அளவோடு நிறுத்தும் ரிலீஃப் வால்வு. பின்பக்கம் சுளுவாகத் தூக்கி, முன்பக்கம் மட்டும் சண்டித்தனம் செய்தால் பம்ப் மேல் பழி போடாதே. ஹோஸ் கப்ளிங் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா பார். அரைகுறையாக உட்கார்ந்தாலே ஆயில் போகும் வழி பாதி அடைந்துவிடும். ரிலீஃப் வால்வு ஸ்க்ரூவை மட்டும் யாரையும் திருக விடாதே. மீட்டர் மாட்டாமல் அழுத்தத்தை ஏற்றினால் ஹோஸ் வெடிக்கும், லோடர் கை வளையும்.

தானாக இறங்குவதற்கு எல்லோரும் சிலிண்டர் சீல் என்பார்கள். சீல் கசிந்தால் ஆயில் பிஸ்டனின் மறுபக்கம் போகும். ஆனால் அங்கே ராடு இடத்தை அடைத்திருப்பதால் அவ்வளவு ஆயிலும் கொள்ளாது. மிச்சம் லிவர் இயக்கும் கண்ட்ரோல் வால்வு வழியாகத்தான் வெளியேற வேண்டும். வால்வு இறுக்கமாக இருந்தால் கை அவ்வளவு தூரம் இறங்காது. அதனால் சீல் கிட் வாங்குவதற்கு முன் வால்வையும் சோதிக்கச் சொல். ராடில் ஒட்டிய வண்டலை அன்றன்றைக்கே துடைத்துவிடு. காயவிட்டால் அது சீலை அறுக்கும்.

சிங்கப்பூரில் டிராக்டர் ஓட்ட வயல் இருக்கிறதா என்று உன் பிள்ளைகள் கேட்டார்களே. இந்தப் பொங்கோலில் ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் இருந்தனவாம். பன்றிப் பண்ணைகளை 1990 வாக்கில் மூடிவிட்டார்கள். இப்போது எங்கே பார்த்தாலும் அடுக்குமாடி. 2024 டிசம்பர் 10 அன்று பொங்கோல் கோஸ்ட் ரயில் நிலையமும் திறந்தாகிவிட்டது. மண் தோண்டுவது ஓயவில்லை, அதனால் எனக்கும் வேலைக்குக் குறைவில்லை. மதியம் ரயிலேறி லிட்டில் இந்தியா போகிறேன். ஆயிலுக்கும் ஸ்ட்ரெய்னருக்கும் அங்குள்ள தேக்காவிலிருந்து பணம் அனுப்பிவிடுகிறேன். சங்கிலியைக் கொண்டுபோய் அந்தப் பொண்ணு கையில் கொடு.

கடைசியாக ஒன்று, இதை மறக்காதே. வீடியோவில் கை தூக்கி நிற்க, நீ அடியில் குனிந்து எட்டிப் பார்க்கிறாய். அதைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தானாக இறங்குகிறது என்று தெரிந்த கைக்கு அடியில் தலையைக் கொடுப்பாயா? கசிவையும் விரலால் தடவித் தேடாதே, அட்டையை நீட்டிப் பார். ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்த்தால் சின்ன முள் குத்தியது போலத்தான் தெரியும். உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரலாம்.

பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, லிவரை முன்னும் பின்னும் தள்ளி அழுத்தத்தை விட்ட பிறகே ஸ்பேனரைத் தொடு. வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் போகட்டும், நீ எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்