மனசு அப்போது எங்கே இருந்தது?

சாலை விபத்து குறித்த முதல் தகவல் அறிக்கை எந்த ஊர்க் காவல் நிலையத்திலிருந்து வந்தாலும், பெரும்பாலும் அதில் ஒரு தொடர் இருக்கும்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து'. கீழமை நீதிமன்ற ஆவணங்களை மேல்முறையீட்டுக்காக ஆங்கிலத்தில் பெயர்ப்பது என் தொழில். இந்தத் தொடரை நான் பெயர்க்காத வாரம் இல்லை. வக்கீல்கள் இதை ஒரே மூச்சில் 'ராஷ் அண்ட் நெக்லிஜென்ட்' என்பார்கள். சட்டப்பிரிவை எடுத்துப் பார்த்தால், அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே இருப்பது 'அல்லது'. அவை இரண்டு வெவ்வேறு மனநிலைகள்.

அந்த வேறுபாட்டைத் துல்லியமாக வகுத்த தீர்ப்புகளில் முக்கியமானது நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே பிறந்தது. 1872-இல் நீதிபதி ஹாலோவே சொன்னதன் சாரம் இது: விபரீதம் நேரலாம் என்ற உணர்வு இருந்தும், நேராது என்ற நம்பிக்கையில் இறங்குவது துணிச்சல். அந்த உணர்வே இல்லாமல் செய்வது கவனக்குறைவு. உரிய அக்கறை காட்டியிருந்தால் உணர்வு வந்திருக்கும் என்பதால் அதுவும் குற்றமாகிறது. முதலாமவன் ஆபத்தைப் பார்த்தான், பொருட்படுத்தவில்லை. இரண்டாமவன் பார்க்கவே இல்லை. யோசிக்காமல் செய்தான் என்று இருவரையுமே ஊர் சொல்லும். நீதிமன்றம் அதோடு விட்டுவிட முடியாது.

தமிழிலும் இந்தக் கோடு தெளிவாகவே இருக்கிறது. அலட்சியம் என்றால் கண்ணில் பட்டதை ஒதுக்கியது. கவனக்குறைவு என்றால் கண்ணிலேயே படாதது. அஜாக்கிரதை இரண்டாவதன் பக்கம் நிற்கிற சொல். அசட்டுத் துணிச்சல் முதலாவதையும் தாண்டியது. ஆபத்து தெரியும், தெரிந்ததே ஒரு உந்துதலாகவும் இருக்கும். 'எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்தான்' என்பதை விபத்துக்குச் சொல்ல மாட்டோம். நிதானித்து, நாலு பேரைக் கேட்டு முடிவெடுக்க வேண்டிய ஒருவர் அப்படிச் செய்யாதபோது சொல்வது அது. வேலை நீக்க உத்தரவுக்கும் பாகப்பிரிவினைக்கும் பொருந்தும், லாரிக்குப் பொருந்தாது.

எழுத்துத் தமிழில் இந்தச் சொற்களைப் பிரித்து வைப்பது எளிது. கூண்டில் நிற்கிறவர் இவற்றைப் பேசுவதில்லை. அவர் சொல்வது பெரும்பாலும் ஒரே சொல்தான்: 'தெரியாம செஞ்சுட்டேன்'.

இந்தத் 'தெரியாம' மாதிரி எச்சரிக்கையாகக் கையாள வேண்டிய சொல்லை என் தொழிலில் நான் கண்டதில்லை. 'எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்' என்றால் அங்கே பேசுகிறவருக்கு விஷயமே தெரியாது. 'கூட்டத்துல தெரியாம காலை மிதிச்சுட்டேன்' என்றால் வேண்டுமென்று செய்யவில்லை என்று பொருள். 'ஏதோ தெரியாம செஞ்சுட்டேன், மன்னிச்சுடுங்கய்யா' என்பவரோ எல்லாம் தெரிந்தே செய்தவராகவும் இருக்கலாம். அங்கே அந்தச் சொல் வருத்தத்தின் வடிவம், பணிவின் வடிவம். உண்மையைப் பற்றிய தகவல் அதில் எதுவும் இல்லை.

மூன்றையும் அறிவில்லாமல், அதாவது விளைவு இன்னதென்று அறியாமல், என்ற பொருள்படும் ஒரே ஆங்கிலத் தொடரால் பெயர்த்துவிடலாம். அப்படிச் செய்தால் வழக்கே இடம் மாறிவிடும். மரணம் விளையக்கூடும் என்று அறிந்து செய்த செயல், கொலையாகாத மரணம் என்ற பிரிவுக்குள் போகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவில் அதற்குப் பத்து ஆண்டுவரை சிறை. துணிச்சலாலோ கவனக்குறைவாலோ நேர்ந்த மரணமென்றால் 106-ஆவது பிரிவு, ஐந்து ஆண்டுவரை. பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் அது இரண்டு ஆண்டுதான். 105-க்கும் 106-க்கும் நடுவே நிற்பது அந்த 'அறிதல்'தான். மன்னிப்புக் கேட்கிறவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை அறிவு இல்லாமையின் ஒப்புதலாக மாற்றிக் கொடுக்க மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை இல்லை.

'வேகம்' இன்னொன்று. முதல் தகவல் அறிக்கையின் 'அதிவேகம்' மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அளக்கக்கூடியது. 'ஏதோ ஒரு வேகத்துல பேசிட்டேன்' என்பதில் உள்ள வேகம் மனசுக்குள் எழுந்து அடங்குவது. 'ஒரு கோவத்துல' என்பதோடு இதைச் சேர்த்துவிடக் கூடாது. கோபத்துக்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும், ஒரு காரணம் வேண்டும். வேகத்துக்கு இரண்டும் வேண்டியதில்லை. கிணற்றில் குதித்தவளும் அதைத்தான் சொல்வாள், சொத்தை எழுதிக்கொடுத்தவரும் அதைத்தான் சொல்வார்.

சொற்களைவிட நுட்பமான இடம் வினைமுற்றில் இருக்கிறது. ஒரு அடிதடி வழக்கின் சாட்சியம் இப்படிப் போகும்: 'அவன் என் அம்மாவைத் திட்டினான். நான் சட்டையைப் புடிச்சேன். கை நீண்டுருச்சு. அவன் படியில விழுந்துட்டான்.' நாலு வாக்கியம். முதல் இரண்டில் செய்தவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவதில் எழுவாய் 'கை'. நான்காவதில் விழுந்தவனே எழுவாய். 'அடித்தேன்', 'தள்ளினேன்' என்ற சொற்கள் எங்குமே வரவில்லை. 'புடிச்சேன்' என்று நேராகச் சொன்னவர் அடுத்த வாக்கியத்திலேயே தன்னை விலக்கிக்கொண்டு கையை முன்னே நிறுத்துகிறார். 'நீண்டுருச்சு', 'விழுந்துட்டான்' இரண்டிலும் ஒட்டியிருக்கும் அந்த 'விடு' என்னும் துணைவினை, நடந்து முடிந்ததையும் சொல்கிறது, நான் அதை நினைக்கவில்லை என்றும் சொல்கிறது.

இதை 'நான் அவனை அடித்தேன், அவன் விழுந்தான்' என்ற சீரான ஆங்கிலமாக்குவது வெகு சுலபம், படிக்கவும் நன்றாக இருக்கும். நான் அப்படிச் செய்வதில்லை. ஆங்கிலம் சற்று விகாரமாகத் தெரிந்தாலும் கையையே எழுவாயாக வைப்பேன். சாட்சி உண்மையாகவே தன்னை இழந்தாரா, பின்னால் யோசித்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறாரா என்று எடைபோட வேண்டியவர் நீதிபதி. குறுக்கு விசாரணையில் 'நீங்கள் அடித்தீர்களா, இல்லையா?' என்று வக்கீல் கேட்பதே அந்த இடத்தைத் திறப்பதற்காகத்தான். அதை நான் முன்கூட்டியே திறந்து மூடிவிட்டால் அந்தக் கேள்விக்கே பொருள் இல்லாமல் போகும்.

ஆத்திரத்தில் செய்தது என்பதற்கும் சட்டம் ஒரு கால அளவு பார்க்கிறது. நானாவதி வழக்கு அதற்குப் பேர்போனது. 1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியின் உறவு பற்றி அவர் வாயாலேயே கேட்டார். குடும்பத்தைச் சினிமாக் கொட்டகையில் இறக்கிவிட்டார், கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கினார், மனைவியோடு உறவில் இருந்த பிரேம் அஹூஜாவைத் தேடிப்போய்ச் சுட்டார். கேட்டதற்கும் சுட்டதற்கும் நடுவே ஏறத்தாழ மூன்று மணி நேரம். மனம் தன்வசப்பட அது போதும் என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் திடீர்ச் சினத்தூண்டல் என்ற வாதத்தை ஏற்க மறுத்து ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ஆகவே சாட்சியத்தில் 'அப்பவே', 'உடனே', 'கொஞ்ச நேரங்கழிச்சு', 'பெறகு' என்பவை எனக்கு நிரப்புச் சொற்கள் அல்ல. 'ஆத்திரத்துல அப்பவே வெட்டிட்டான்' என்பதில் ஆத்திரத்தைவிட 'அப்பவே' முக்கியம். அதை விட்டுவிட்டுப் பெயர்த்த பிரதிகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பதறும்.

இவ்வளவும் சாட்சி சொன்ன சொல் ஆவணத்தில் இருந்தால்தான். 'கை நீண்டுருச்சு' என்று சொன்னவரின் வாக்குமூலம் 'கையால் தாக்கினேன்' என்று எழுதப்பட்டு என் மேஜைக்கு வந்தால் என்னால் எதையும் மீட்க முடியாது. எழுதுகிறவர்கள் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்வதில்லை. பழகிய தொடர் கைக்கு முந்திவிடுகிறது. காவல் நிலையத்தில் புகார் வாய்மொழியாகக் கொடுத்தால், எழுதியதைக் கொடுத்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும், அதன்பின்னரே கையெழுத்து வாங்க வேண்டும் என்பதும் சட்டம். உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ அப்படியொரு நிலை வந்தால், வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் சொன்ன சொல் அதில் இல்லையென்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மாற்றி எழுதச் சொல்லுங்கள்.